பதினைந்து மில்லி

முதல் வண்டி ஐந்தே முக்காலுக்கு.
அதற்குள் போகவில்லை என்றால்
அன்றைக்கும் இல்லை.

பையில் சில்லறை, டிக்கெட் மிஷின், விசில்.
தண்ணீர் பாட்டில் கிடையாது. வேண்டுமென்றேதான்.
அடிவாரம் விட்டால் ஏற்காடு ஒண்டிக்கடை;
நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவு.
டிரைவர் சவுரிமுத்து நினைத்த வளைவில் நிறுத்துவார்,
பாறையைப் பார்த்து நின்றுவிட்டு வருவார்.
மலை அவருக்கு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

ஆறு நாள்.
வயிற்றில் ஊறாத ஜவ்வரிசி
ஒரு மூட்டை.

பழைய பஸ் ஸ்டாண்டு எதிரே மெடிக்கலில்
மெஹருன்னிசா உரக்கவே கேட்டாள்:
"எத்தனை நாளா வரல?"
பின்னால் நின்ற மூன்று பேரும்
இருமல் மருந்தின் விலையைப் படிக்கத் தொடங்கினார்கள்.
"ரத்தம் போகுதா? வாந்தி? தாங்க முடியாத வலி?
ஒண்ணு இருந்தாலும் பாட்டில் தரமாட்டேன்,
நேரா பெரியாஸ்பத்திரி."
இல்லை, இல்லை, இல்லை என்றேன்
மூன்று டிக்கெட் கிழித்துக் கொடுப்பதுபோல.
"சர்க்கரை இருக்கா?"
பார்த்ததில்லை.
"பாத்துடுங்க. இதுவும் ஒரு சர்க்கரைதான்."

ஆனால் வினோதமான சர்க்கரை.
இரைப்பை தாண்டும், சிறுகுடல் தாண்டும்,
யார் கூப்பிட்டும் இறங்காது,
கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்த ஆள்.
பெருங்குடலில் இறங்கி
அங்கே குடியிருக்கும் கிருமிகளுக்குச் சோறாகி, புளித்து,
ஓரமாய் நிற்கிற தண்ணீரை எல்லாம்
இடமிருக்கு, உள்ள வா, உள்ள வா என்று
என் வேலையைத்தான் செய்யும்.

"அந்தத் தண்ணி எங்கேருந்து வரும்?" என்றேன்.
அவள் என் யூனிஃபார்மைப் பார்த்தாள்,
காய்ந்த உதட்டைப் பார்த்தாள்.
"உங்ககிட்டேருந்துதான்."

மூடியில் கோடு இருக்கிறது, பதினைந்து மில்லி.
ஜாமூன் தீர்ந்த கிண்ணத்து ஜீரா மாதிரி பிசுபிசுப்பு.
முதல் இரவு ஒன்றும் நடக்கவில்லை.
இரண்டாம் நாள் காற்று மட்டும்.
எட்டாம் வளைவில்
செகண்ட் கியர் உறுமியதற்கு நான் கடன்பட்டவள்.
அன்றிரவு பாட்டிலோடு கவிழ்க்கப் போனேன்.
அவள் குரல் குறுக்கே வந்தது:
"அவசரப்பட்டு ரெட்டிப்பாக் குடிச்சா
தண்ணியோட உப்பும் போயிடும்,
படியில நிக்கும்போது தலை சுத்தும்.
ரெண்டு மூணு நாள் பொறுக்கணும்."
கோட்டோடு நிறுத்தினேன். சொம்புத் தண்ணீர் குடித்தேன்.
இன்னொரு சொம்பு.

மூன்றாம் நாள், நாலரை மணி.
விவரம் வேண்டாம்.
கன்னங்குறிச்சியில் எத்தனையோ விடியல் பார்த்திருக்கிறேன்,
இவ்வளவு லேசானது இல்லை.

ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தால் டாக்டர் என்றிருந்தாள்.
இழுக்கவில்லை. மருந்தில் பாதி மிச்சம்.
இன்னொரு பாட்டில் வாங்கினேன்,
எவர்சில்வர், ஒரு லிட்டர்,
டிக்கெட் மிஷினுக்குப் பக்கத்தில் வைக்க.

பதினான்காம் வளைவில்
காபித் தோட்டத்து வாட்ச்மேன் வீடு.
அங்கே கழிப்பறைக்குக் கதவும் தாழ்ப்பாளும் உண்டு.
அவர் மனைவி பிலோமினாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

ஒரு விசில்.
சவுரிமுத்து கண்ணாடியில் பார்த்தார்,
இங்கே ஸ்டாப் இல்லையே என்கிற முகம்.
"அஞ்சு நிமிஷம்" என்று இறங்கினேன்.
வண்டி முழுக்க என்னைப் பார்த்தது.
பார்க்கட்டும். மிளகுக்கொடி ஏறிய மரங்களும்
பார்த்துக்கொண்டுதான் நின்றன.

திரும்பி ஏறினேன்.
இரண்டு விசில்.