விதி நான்கு, வரைவு

"சைக்கிள் என்பது" என்று எழுதி
முக்கால் மணி நேரமாகிறது.
மணவாளக்குறிச்சிப் பேரூராட்சி அலுவலகத்தின் மின்விசிறி
அந்தத் தாளை மட்டும் தூக்கித் தூக்கிப் பார்க்கிறது.

மிதிகட்டை உடையது, என்று எழுதினேன்.
ஹாஜாவின் வண்டியிலும் மிதிகட்டை உண்டு.
கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை
இன்னும் கிழியவில்லை.

சத்தமில்லாதது, என்று எழுதி அடித்தேன்.
பெர்பின்மேல் மோதியதே அந்தச் சத்தமின்மைதான்.
போன மாதம் எட்டாம் தேதி, சானல்கரைப் பாதையில்
குனிந்து செயின் மாட்டிக்கொண்டிருந்தவன்
முதலில் கேட்டது
தன் முன்பல் தெறித்து விழுந்த சத்தத்தை.

மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மிகாமல்.
விற்கும்போது எல்லாம் மிகாமல்தான்.
கருங்கல் பக்கம் ஒருவன்
ஒரேயொரு வயரைப் பிடுங்கி
ஐந்நூறு ரூபாய்க்கு நாற்பத்தைந்து ஆக்கித் தருகிறான்.
வேகம் அளக்க எங்களிடம் என்ன இருக்கிறது?
வீட்டுவரிக்கு அளக்கும் நூறடி டேப்.

"மொத்தமா தடைன்னு போட்டிரும் பிள்ளே,
சோலி தீந்துது" என்றார் கவுன்சிலர் சேம்ராஜ்.

அப்போது தண்ணீர்வரி கட்ட வந்து
சன்னலுக்கு வெளியே, இறங்காமலே நின்றாள்
அமலபுஷ்பம். மூன்று சக்கரம், கீழே பேட்டரி.
"பதினோரு வருசம் கையால சுத்துனேன் சார்,
தோளு ரெண்டும் போச்சு.
மெயின் ரோட்டுல கல்லு கேற்றிட்டு டாரஸ் போவுது.
அதுக்க எடையிலயா போவச் சொல்லுதிய?"
ரசீதை மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்:
"ஆனா அந்த சாப்பாடு கொண்டுபோற பயலுவ பொறத்தால வந்தா
எனக்கும் ஈரக்கொல நடுங்கும்."

தடை என்ற சொல்லுக்கு அப்பால்
சேம்ராஜ் தேநீர் குடிக்கப் போனார்.

இனி இதை எந்தக் கோப்பில் சேர்ப்பது?
எட்டாம் தேதி ஐந்து நாற்பதுக்கு
நானும் அந்தப் பாதையில்தான் போனேன்,
அலுவலக மின்சாரத்தில் நிறைத்த என் ஸ்கூட்டரில்.
குனிந்திருந்த ஒரு முதுகை
ஒரு சாண் இடைவெளியில் கடந்தேன்.
ஹாரன் அடிக்கவில்லை.
அடித்தால் நான் சைக்கிள் இல்லை என்று
தெரிந்துபோகுமே.
அடுத்து வந்தவனுக்கு அந்த ஒரு சாண் கிடைக்கவில்லை.

விதி நான்கு:
முந்துகிறவர் தம் வருகையை முன்னதாகத் தெரிவிக்க வேண்டும்.
எவ்வாறு என்ற இடத்தில் புள்ளிகள் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

கறுப்பு மணல் ஒட்டிய டயரோடு சானல்கரை ஏறி
முன்னால் மடல்கட்டோடு மிதித்துப்போனவரின் முதுகைப் பார்த்து
"வாறேன்" என்றேன், கொஞ்சம் சத்தமாக.
திரும்பாமலே இடப்பக்கம் ஒதுங்கினார்.
அரசுத் தமிழில் இதை எப்படி எழுதுவது?

அதற்கப்புறம் முந்த வழியில்லை.
பாதை அடைத்து அமலபுஷ்பத்தின் மூன்று சக்கரம்.
மணிக்கு ஒன்பது கிலோமீட்டரில்
பாலம் வரை
அவள் பின்னாலேயே போனேன்.