இரண்டேகால் அங்குலம்

காக்கி புக்கிட், தொழிற்பேட்டையின் மூன்றாம் மாடி.
சரிவில் ஏறும்போதே என் கார் இருமியது.
சைலன்சரின் அடித்தகடு துருவேறி
ஐம்பது காசு அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது.

ரோஸ்லான் மூன்று குழாய்களைத் தரையில் பரப்பினான்,
ஈரச்சந்தையில் மீனைப் புரட்டிக் காட்டுவதுபோல.
இரண்டு. இரண்டேகால். இரண்டரை.
"எஞ்சின்?"
"ஆயிரத்து ஐந்நூறு. டர்போ இல்லை."
"டர்போ இல்லை," என்று திருப்பிச் சொன்னான்,
சர்க்கரை இல்லை என்று
நர்ஸ் குறித்துக்கொள்ளும் குரலில்.

டர்போ இருந்தால் கேள்வியே இல்லையாம்,
எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லதாம்.
இது சொந்த மூச்சில் ஓடுவது.
முன்னால் போகும் புகை
பின்னால் வருவதைக் கைப்பிடித்து இழுக்க வேண்டும்.
பாதை அகன்றால் கை நழுவும்;
பச்சை விளக்கில் கார் நின்று யோசிக்கும்.
குறுகினால் மேம்பாலத்தில் மூச்சு முட்டும்.

"எத்தனை குதிரை கூடும்?"
"மூன்று. நான்கு என்று வேண்டுமானால் எழுதித் தருகிறேன்."
பிறகு பின்னிருக்கையை எட்டிப் பார்த்தான்:
இரண்டு குடை, பத்துக் கிலோ அரிசி,
மகனின் நனைந்த காலணி.
"இதையெல்லாம் இறக்கினால் இன்னும் ஒன்று."

எனக்குக் குதிரை வேண்டாம், ரோஸ்லான்.
பகலெல்லாம் மருத்துவமனையில்
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
அடுத்தவர் காதில் ஒலியை விடுகிறேன்.
ஐந்நூறு ஹெர்ட்ஸ், ஆயிரம், நாலாயிரம்.
கேட்டதும் பொத்தானை அழுத்துங்கள்.
சிலர் நான் ஒன்றும் விடாதபோதும் அழுத்துவார்கள்.
அவர்களை எனக்குப் பிடிக்கும்,
வரைபடத்தில் அவர்களுக்கு இடமில்லை என்றாலும்.
மாலையில் ஏதோ ஒன்று
என் வலது காலுக்குப் பதில் சொன்னால் போதும்.

இதை அவனிடம் சொல்லவில்லை.
"சத்தம் எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டேன்.

யாரோ விட்டுப்போன நீலக் காரை முடுக்கினான்.
அதில் இரண்டரை.
இரண்டாயிரத்து எழுநூறு சுழற்சியில் பிடித்து நிறுத்தினான்.
தொண்ணூறு ஹெர்ட்ஸ் இருக்கும்.
என் கருவி அவ்வளவு கீழே இறங்காது.
காதில் அல்ல, கடைவாய்ப் பல்லில் கேட்டது.
எண்பதில் போகும்போதெல்லாம்
யாரோ அடித்தொண்டையில்
"ம்ம்ம்" என்று ஒத்துக்கொண்டே வருவதுபோல.
வீட்டில் அப்படி ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார்.

"இதற்குக் காகிதம்?"
அவன் இரண்டரையைச் செருப்புக் காலால் ஓரம் தள்ளினான்.
"இரண்டேகாலுக்கு முத்திரை இருக்கிறது.
ஆணையம் பிடித்தாலும் சிரித்துக்கொண்டே காட்டலாம்.
நடுவில் ஒரு சின்ன உருளை வைக்கிறேன், அந்த 'ம்ம்ம்' அடங்கும்.
துருவேறாத எஃகு, பத்து வருட உத்தரவாதம்."
"என் சி.ஓ.இ. இன்னும் மூன்று வருடம் எட்டு மாதம்தான்."
"அப்புறம் குழாயைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போ.
ஆறு வருடம் சும்மா இருக்கும்."

எண்ணூற்று அறுபது வெள்ளி.
கோப்பி ஓ குடித்தபடி பார்த்தேன்:
பழைய குழாய் கீழே விழுந்து
கொஞ்சம் தண்ணீரும் கரியும் கக்கியது.

டியூஷன் முடிந்து மகன் ஏறினான்.
காதில் செருகி இருந்தான்.
"என்ன மாத்துனீங்க? ஒண்ணும் கேக்கலையே."
உண்மைதான்.
நிற்கும்போது முன்பைவிடச் சாது.

யூனோஸில் தீவு விரைவுச்சாலைக்கு ஏறும் வளைவு.
லாரி ஒன்று இடம் விடுவதாய் இல்லை.
இரண்டாம் கியர், மிதித்தேன்.
மூவாயிரம் வரை ஒன்றுமில்லை.
நாலாயிரத்தில்
கனைத்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு
அது பேசத் தொடங்கியது,
தாழ்ந்த, சுத்தமான, அவசரமில்லாத குரலில்.

மகன் ஒரு காதை மட்டும் கழற்றினான்.
மறுபடி மாட்டிக்கொண்டான்.

லாரி பின்னால் போயிற்று.
ஸ்டியரிங்கின் மேல், பொத்தானே இல்லாத இடத்தில்,
என் கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருந்தது.