பியருக்கு ஒரு பெயர்

குத்தாயிசியில் எதிரிக்குத்தான் பியர்க் கோப்பையை உயர்த்துவார்கள்.
நல்லவர்களுக்கு ஒயின்.
அதனால் ஸாஸா இரண்டையும் வரவழைத்திருந்தான்.
இருபத்தொன்பது வருடம் கழித்து
கட்டடப் பொறியியல் இரண்டாம் பிரிவில் மிஞ்சிய ஆறு பேர்,
ஒரு மேசை, ஆறிக்கொண்டிருக்கும் சீஸ் ரொட்டி.

“முதலில் ஒயின். ஆளுக்கு ஒரு பேராசிரியர்.
யோசிக்கக் கூடாது.”

ஐந்து பேர் ஒரே மூச்சில் சொன்னோம்: லமாரா தோடுவா.
மண் இயந்திரவியல்.
மின்சாரம் செத்துப்போன அந்தக் குளிர்காலத்தில்
கணவரின் கோட்டைப் போட்டுக்கொண்டு வருவார்.
“இந்தக் குளிரில் உயிரோடு வந்து உட்கார்ந்ததற்கே ஐந்து”
என்று எல்லோருக்கும் ஐந்து போட்டவர்.
ஐந்துக்கு மேல் அங்கே மதிப்பெண் கிடையாது.
வகுப்பில் பாதி நேரம்
பாத்தூமியில் கப்பல்காரனோடு ஓடிப்போன தன் தங்கையின் கதை.
கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புவதற்குள்
காவலாளி இரும்புத் துண்டைத் தட்டிவிடுவான்.
மணிக்கும் மின்சாரம் இல்லை.

ஆறாவது ஆள் மனானா. அவள் சொன்ன பெயர்
எங்களில் யாருக்கும் நினைவில்லை.
ஒரே ஒரு பருவம் வந்து போனவராம்.
அவர் இருமுவதை நடித்துக் காட்டினாள்.
அப்போதும் இல்லை.

பிறகு பியர்.
நோடார் பெராயா. பொருட்களின் வலிமை.
ஆளுக்கொரு விறகு கொண்டுவந்தால்தான் வகுப்பில் அடுப்பு எரியும்.
பெராயா ஆளையும் எண்ணுவார், விறகையும் எண்ணுவார்.
சிவப்புப் பேனா குளிரில் உறைந்துபோகும்.
அதை அக்குளில் வைத்துச் சூடாக்கி,
நாங்கள் பார்க்கப் பார்க்க,
அவசரமே இல்லாமல் வெளியே எடுத்து
இரண்டு போடுவார்.
இரண்டு என்றால் பெயில்.
ஸாஸா அந்த அக்குளை நடித்தபோது
பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.
ஆனால் இவர்களிடம் சொல்லாத ஒன்று உண்டு.
இரண்டாவது இரண்டு வாங்கிய அன்று மாலை
அவர் மேசைக்கடியில் இருந்த விறகை
(அவருடையது; அவரும் தினம் ஒன்று கொண்டுவருவார்)
கோட்டுக்குள் நுழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.
ஓக் மரம். நன்றாகக் காய்ந்தது.
அம்மா அதில் பீன்ஸ் வேகவைத்தாள்.

மறுநாள் அவர் எண்ணினார்.
மறுபடியும் எண்ணினார்.
கையுறையோடு சாக்பீஸைப் பிடித்து
வளையும் உத்தரம் ஒன்றை வரையத் தொடங்கினார்.
என்னைப் பார்த்தாரா என்பது
இன்றுவரை எனக்கு உறுதியில்லை.
மூன்றாம் முறை மூன்று போட்டார். தப்பித்தேன்.
விடைக்குக் கீழே ஒரு வரி: அலகு எங்கே?

ரியோனிக்கு மேலே ஒரு கிராமச் சாலையில்
தாங்குசுவர் சரிந்துகொண்டிருக்கிறது. என் பொறுப்பு.
போன மாதம் பரணில் இருந்து கல்லூரி நோட்டை இறக்கி
மண் அமிழ்வு பற்றிய பாடத்தைத் தேடினேன்.
தலைப்பு இருந்தது, இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டு.
கீழே என் கையெழுத்தில் பாத்தூமி, தங்கையின் செருப்பு அளவு,
கப்பலின் பெயர்.
ஒரு சூத்திரம்கூட இல்லை.
லமாரா மேல் கோபம் வரட்டும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
வரவில்லை.
அந்தத் தங்கை கடைசியில் திரும்பி வந்தாளா என்றுதான் தோன்றியது.

“எலிசோ, உன் பியர் யாருக்கு?”
நுரை அடங்கிப்போயிருந்தது.
“பெராயா” என்றேன், எல்லோரையும் போல.
குடித்தேன். முகம் சுளிக்கவும் செய்தேன்,
பார்க்கிறவர்களுக்காக.

காலையில் சுவர்.
ஆற்றுப் பக்கமிருந்து ஏறிவந்த காற்றில் பேனா எழுதவில்லை.
கோட்டைத் திறந்து அக்குளில் வைத்துக்கொண்டேன்.
டேப்பைப் பிடித்திருந்த பையன்
பார்த்தும் பார்க்காதது போல நின்றான்.
பதினொன்று என்று எழுதினேன்.
பிறகு, மில்லிமீட்டர்.