திருகினால் சாயும்

யாரும் வருவதாக இல்லை.
மூன்று நாளாய் விடாத மழைக்காகத்தான்
மாவைச் சலித்தேன்.
மூன்று கோப்பை மாவு, ஆறு கரண்டி பேக்கிங் பவுடர்,
உப்பு கண்ணளவு.
குளிர்ந்த வெண்ணெயை விரல்நுனியால் மட்டும் உதிர்த்தேன்.
உள்ளங்கை பட்டால் உருகும்,
பிசைந்துவிட்டால் செருப்புத் தோல்.

பேரீச்சம்பழம் கத்தரிக்கோலின் வாயை ஒட்டிவிட்டது.
வெந்நீரில் காட்டித்தான் பிரித்தேன்.

பால் விட்டதும் மாவுக்குள் சின்ன இரைச்சல்.
அதற்குமேல் நேரம் நம்முடையதில்லை.
டம்ளர் வாயால் பதினோரு வட்டம்,
வழித்தெடுத்த மிச்சத்தில் ஒரு கோணல்,
அது எப்போதும் எனக்கு.

அடுப்பு பாதிச் சூட்டில் இருக்கும்போது
மின்சாரம் போனது.
ரிவர்ட்டன் முழுக்கப் போனது,
படகுத்துறை விளக்கும் போனது.
மர்டோ வீட்டுப் புகைபோக்கி மட்டும்
மழையோடு வழக்காடிக்கொண்டிருந்தது.

மர்டோ.
வேலியோரத்து மேக்ரோகார்ப்பா மரங்கள் ஏழையும்
நான் பள்ளிப் பேருந்து ஓட்டப் போன ஒரு காலையில்
வெட்டிச் சாய்த்தவன்.
கேட்டதற்கு, முட்டைக்கோசுக்கு வெயில் வேண்டும் என்றான்.
என் மரம் என்றேன்.
என் பக்கம் விழுந்தது என்றான்.
ஆறு வருடம்.
தபால் மாறி வந்தாலும்
வேலிக்கம்பத்தின் மேல் வைத்து
கல்லைப் பாரம் ஏற்றிவிட்டுப் போவோம், அவ்வளவுதான்.

தட்டைப் பார்த்தேன்.
ஓரங்களில் குமிழிகள் ஒவ்வொன்றாய் அவிந்துகொண்டிருந்தன.
ரோஷம் நாளைக்கும் இருக்கும்.
இது இருக்காது.

துண்டைப் போர்த்தி, தட்டை மார்போடு அணைத்து
வெளியே இறங்கினால்
தெற்குக் காற்று.
பனிக்கண்டத்தில் கிளம்பி
நடுவில் எங்கும் உட்காராமல் வந்த காற்று.
முன்பு ஏழு மரம் அதைத் தடுத்தது.
இப்போது என் முதுகு.

கதவைத் திறந்தவன் என்னைப் பார்க்கவில்லை,
தட்டைப் பார்த்தான்.
"பால் விட்டு எவ்வளவு நேரமாச்சு?"
"கால் மணி."
வழி விட்டான்.

விறகடுப்பின் கதவைத் திறந்து
வெறுங்கையை உள்ளே நீட்டி எண்ணினான்.
ஏழில் இழுத்துக்கொண்டான்.
போதாது என்று கூடையிலிருந்து
ஒரு கட்டை எடுத்துப் போட்டான்.

பிசினும் எலுமிச்சையும் கலந்த அந்த வாசனை
எனக்குத் தெரியும்.
மழைக்காலக் காலைகளில்
படுக்கையறை ஜன்னல் வழியாய் வரும்.

ஒன்றும் சொல்லவில்லை நான்.
அவனும் கட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்,
கொஞ்சம் அதிக நேரம்.
பிறகு தட்டை உள்ளே தள்ளினான்.

பன்னிரண்டு நிமிடம்.
என் காலுறையிலிருந்து அவன் தரையில் தண்ணீர் சொட்டியது.
நாய் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு
தன் இடத்துக்கே போய்விட்டது.

வெளியே வந்தவை நன்றாகத்தான் எழும்பியிருந்தன.
ஆனால் பன்னிரண்டும் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன,
ஸ்லோப் பாயிண்ட் முனையில்
காற்றுக்குத் தலை வாரக் கொடுத்த மரங்கள் மாதிரி.

"டம்ளரால் வெட்டினாயா?"
"ஆமாம்."
"அழுத்தித் திருகினாயா?"
பதில் சொல்லவில்லை.
"திருகினால் சாயும்."
"காற்று," என்றேன்.
"திருகியிருக்கிறாய்," என்றான்.
ஆறு வருடத்துக்குப் பிறகும்
இந்த மனிதனை எனக்குப் பிடிக்கவில்லை.

வெண்ணெய் அவனுடையது.
நின்றபடியே தின்றோம், ஆளுக்கு இரண்டு.
கோணலை அவன் எடுத்துவிட்டான்,
அது என்னுடையது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?
சொல்ல நினைத்தேன். வாய் நிறைய
சூடான பேரீச்சம்பழம்.

தட்டை அங்கேயே மறந்து வீடு திரும்பியபோது
விளக்குகள் வந்திருந்தன.
அணைக்காமல் போயிருக்கிறேன்.
இருட்டுச் சமையலறையில்
அடுப்பின் கண்ணாடிக்குப் பின்னே ஆரஞ்சு வெளிச்சம்.
முழுச் சூட்டில்
ஒன்றுமில்லாததைச் சுட்டுக்கொண்டிருந்தது.