சதவீதக் குறிக்கு முன்னால்

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் காலி.
சதவீதக் குறியை அவர்களே அச்சடித்துவிட்டார்கள்.
அதற்கு முன்னால்
எத்தனை என்று நான் எழுத வேண்டும்.
வெள்ளிக்கிழமைக்குள்.
பென்சில் கூடாது.

இந்த நாட்டில் இப்படித்தான் கேட்பார்கள்,
வெளியே மழையா என்று கேட்பதுபோல:
நீ எத்தனை சதவீதம்?
எதிர்வீட்டு செல்ஜியா நாற்பது.
பல் மருத்துவரிடம் இருக்கும் பெண் எண்பது,
புதன்கிழமை மட்டும் அவளுக்குப் பிள்ளைகள் உண்டு.
நான் ஒன்பது வருடம் நூறாக இருந்தேன்,
அது ஓர் எண் என்றே தெரியாமல்.

கூர் நகரிலிருந்து அரோசாவுக்கு
ஒரு மணி நேர ஏற்றம்.
முதலில் தெருவோடு தெருவாக,
சைக்கிளுக்கும் ரொட்டி வண்டிக்கும் பொறுமை காட்டி ஊர்ந்து,
பிறகு மலை.
இலையுதிர்காலத்தில் தண்டவாளம் வழுக்கும்.
சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவ ஒரு பொத்தான் உண்டு.
எவ்வளவு மணல் என்று விரலுக்குத்தான் தெரியும்.
அதை எந்தப் படிவமும் கேட்டதில்லை.

விடுப்பு பதினான்கு வாரம்.
மத்லைனாவின் கழுத்து நிற்கப் பழகும்போது
அது தீர்ந்துவிடுகிறது.

போன செவ்வாய் பழக்க ஓட்டத்துக்குப் போனேன்.
லினார்ட் ஓட்டினான், நான் பக்கத்தில்.
லாங்வீஸ் பாலத்தின் நடுவில்,
ஆறு எங்கோ கீழே வெள்ளை நூலாகக் கிடக்க,
அவன் பிரேக்கைத் தொட்டான்.
சக்கரம் சிணுங்கியது.
இரும்புதான். எனக்குத் தெரியும்,
அது பால் கேட்கவில்லை.
சீருடை இரண்டு பக்கமும் நனைந்தது.
லினார்ட் நேரே பார்த்தபடி
வைப்பரைப் போட்டான்.
மழை இல்லை.

வெட்கப்படவில்லை. அதைவிட மோசம்:
ஈரத் துணி குளிர்ந்து ஒட்டிய அந்த நேரத்திலும்
வண்டியை ஓட்டத்தான் கை பரபரத்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
காப்பகத்துக்கு ஒரு நாளைக்கு நூற்று முப்பது பிராங்க்.
நூறு எழுதினால் விடியற்காலை நான்கு ஐம்பதுக்கு முதல் வண்டி;
காப்பகத்தின் கதவு திறக்கும்போது
நான் மலைமேல்.
ஐம்பது எழுதினால் பாதி ஓய்வூதியம்,
மற்றவர் தொடாத ஞாயிற்றுக்கிழமைகள் முழுசாக.
முக்கால்?
முக்கால் என்றால் மூன்று கால்.
நாற்காலி ஆகாது அது, முக்காலி.
மாட்டைக் கறக்கும்போது மட்டும்
உட்காருவது.

துரி மரம் அறுக்கும் ஆலையில் வேலை.
அவன் முதலாளி கையைக் குலுக்கினார்,
ஊசியிலை மரத்தில் கடைந்த கிலுகிலுப்பை கொடுத்தார்.
படிவம் கொடுக்கவில்லை.
இதைத் திங்கள் இரவு சொன்னேன்,
கொஞ்சம் கத்தித்தான் சொன்னேன்.
அவன் பாத்திரங்களைக் கழுவி முடித்து
இன்னொரு முறை கழுவினான்.

நேற்று வந்தவன் காலணியைக்கூடக் கழற்றவில்லை.
எண்பது கேட்டேன், என்றான்.
உடம்புக்கு என்ன என்றாராம்.
ஒன்றுமில்லை, மகள் பிறந்திருக்கிறாள் என்றானாம்.
தெரியுமே, கிலுகிலுப்பை கொடுத்தேனே என்றாராம்.
யோசித்துச் சொல்வார்.
தலைமுடியில் மரத்தூளோடு நின்றான்.
தட்டிவிட வேண்டும் போலிருந்தது,
தட்டவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான்.
பேனாவைத் திறந்து எண்பது என்று எழுதினேன்.
பூஜ்ஜியம் எட்டு போட்டிருக்கிறாயே ஊர்சினா, என்றான்.
அங்கே உட்கார்ந்து பார்த்தால்
அப்படித்தான் தெரியும், என்றேன்.
சதவீதக் குறி மட்டும்
எந்தப் பக்கம் திருப்பினாலும் அதேதான்.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

விடியற்காலை நான்கு ஐம்பது.
தெருமுனையில் முதல் வண்டி திரும்புகிறது.
லினார்ட் இல்லை;
இவ்வளவு தாமதமாகப் பிரேக் போடுவது யாஹென்தான்.
மடியில் இருப்பவள் குடிப்பதை நிறுத்தி
சத்தத்தின் பக்கம் தலையைத் திருப்பினாள்,
தானாக,
நான் தாங்கிப் பிடிக்காமல்.

மணல் போடு யாஹென், என்றேன்,
ஜன்னலைப் பார்த்து.
ராத்திரி பெய்திருக்கிறது.