பத்து ஒன்பதுகள்

கிடங்கு என்றால் மூட்டை இருக்கும் என்று
மாடி அறையை வாடகைக்குக் கொடுத்தவர் நம்பினார்.
செக்காலை ரோட்டில் ஒரு மேசை, இரண்டு திரை,
நிற்காமல் இரையும் ஏசி.
"எலி வரும், பாத்துக்கங்க" என்றார்.
வந்தது வேறு.

இரவு இரண்டு மணிக்கு
ஆறு மருந்துக்கடைகளின் அன்றைய பில்கள்
இங்கே வந்து சேரும்.
தேவகோட்டை மாதத்தை முன்னால் போட்டுத் தேதி எழுதும்.
புதுவயல் விலைக்குள்ளேயே வரியை ஒளித்துவைக்கும்.
கோட்டையூரில் அழகம்மை,
கானாடுகாத்தானில் அளகம்மை,
திருப்பத்தூரில் இங்கிலீஷில், நடுவில் ஏ மூன்று போட்டு ஒருத்தி.
மூவரும் ஒருத்திதான் என்று முடிவுகட்டுவது
என் வேலை.
தப்பாகவும் கட்டியிருக்கிறேன்:
இரண்டு மாதம் இரண்டு பெண்களுக்கு
ஒரே ரத்த அழுத்தம்.

இங்கே எதையும் அழிப்பதில்லை.
வீடு மாறியவரின் பழைய முகவரிக்கு ஒரு முடிவுத் தேதி,
புதியதற்கு ஒரு தொடக்கத் தேதி. இரண்டும் இருக்கும்.
பில் போட அல்ல இந்தக் கிடங்கு, கேள்வி போட.
கடைக்கு இப்போது மட்டும் தெரியும்.
இதற்கு அப்போதெல்லாம் தெரியும்.

வயிரவன் சாரின் கேள்வி ஒன்றுதான்:
பள்ளத்தூர் ஏன் இப்படி?
வட்டம் வரைந்து வண்ணமிட்டுக் காட்டினேன்.
ஆகப் பெரிய துண்டு சாம்பல் நிறத்தில். பெயர், 'இதர'.
"இதரன்னா?"
தெரியவில்லை.
சரி, யார்தான் அதிகம் வாங்குகிறார் என்று கேட்டேன்.
பத்து ஒன்பதுகள் என்றது.
போன் நம்பர் சொல்லாத எல்லோருக்கும்
கவுண்டரில் அடிக்கும் நம்பர்.
கிடங்கின் கணக்கில் அது ஒரே ஆள்,
எல்லா நோயும் உள்ளவர்,
எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் நிற்பவர்.

மறுநாள் பஸ் ஏறினேன்.
கல்லாவில் மெஹராஜ். கையில் கத்தரிக்கோல்.
பட்டையிலிருந்து இரண்டு மாத்திரை வெட்டினாள்,
பார்கோடு மிச்ச எட்டோடு போயிற்று.
"சிஸ்டம் துண்டு எடுக்காது மேடம்.
அதான் இதரல போட்டுர்றது.
நாலு, மூணு… ஒண்ணு வாங்குறவங்களும் இருக்காங்க."
என்னைவிட மூன்று வயது மூத்தவள்,
மேடம் என்கிறாள்.

இந்தத் தொழிலின் முதல் பாடம்:
ஒரு வரி என்பது எது, அதை முதலில் தீர்மானி.
நான் பட்டை என்று தீர்மானித்திருந்தேன்.
ஊர் மாத்திரைக் கணக்கில் இருந்தது.

மூன்று வாரம் பிடித்தது உடைத்துக் கட்ட.
சாம்பல் கரைந்து ஒரு கோடு எழுந்தது:
மூன்றாம் தேதி பட்டை பட்டையாக,
பதினைந்து தாண்டினால் நாலு நாலாக,
இருபத்தேழில் ஒன்று.
வயிரவன் சார் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டினார்.
"லாபப்படி அடுக்க முடியுமா?"
முடியும். அடுக்கினேன்.
பள்ளத்தூர் கடைசியில் நின்றது;
வெட்டிய பட்டையின் மிச்சம்
பெட்டியிலேயே காலாவதி ஆகிறது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
திங்கள் இரவு வந்த கொள்முதலில் ஒரு வரி:
பள்ளத்தூர், கத்தரிக்கோல், ஒன்று.
வகை: இதர.

இப்போது நான் தேவையில்லாததையும் பார்க்கிறேன்.
தினம் மாலை ஆறு நாற்பதுக்கு
ஒன்பதுகளில் ஒருவர்,
சர்க்கரை மாத்திரை ஒன்று.
செவ்வாயோடு நின்றுவிட்டது.
சுழியம் என்றால் எண்ணிப் பார்த்து இல்லை என்பது.
இது சுழியம் அல்ல, வரியே இல்லை.
காரணத்துக்கு இந்தக் கிடங்கில் பத்தி கிடையாது;
நான்தான் வடிவமைத்தேன்.

போன் போட்டேன்.
"ஆறே முக்காலுக்கா? யாரு மேடம்,
நாலு பேரு வருவாங்களே அந்நேரத்துக்கு."
யோசிக்கிறாள்.
பின்னணியில்
நறுக்கென்று ஒரு வெட்டு.