கடைவாய்க் கணக்கு

பிப்ரவரி. நெப்ராஸ்காவில் பனி இன்னும் விட்டபாடில்லை.
ஹீட்டர் போடாத வண்டிக்குள் உட்கார்ந்து
கால்குலேட்டரைத் தட்டுகிறாள் டெல்ஃபின்.

பாஸ்டன்: நான்கு வருடம், நாலரை லட்சம் டாலர்.
வட்டி குட்டி போட்டால்
ஐம்பது வயதிலும் யாருடைய கடைவாய்ப்பல்லையோ பிடுங்கித்தான்
அந்த மாதத் தவணை.

லிங்கன்: அதில் பாதிக்கும் கீழே.
பெயரைச் சொன்னால்
ஒரு புருவமும் உயராது.

ஆறு வருடமாக டாக்டர் ஹால்வர்சனுக்கு
உறிஞ்சுகுழல் பிடிக்கிறாள்.
அவர் எங்கே படித்தாரென்று கேட்டதில்லை.
வருகிறவர்களும் கேட்டதில்லை.
வலிக்குமா என்பார்கள்,
வாயைத் திறக்குமுன் எவ்வளவு ஆகும் என்பார்கள்.

இன்று எல்லோரும் போனபின்
சுவர்சுவராகச் சான்றிதழைத் தேடினாள்.
எக்ஸ்ரே இயந்திரத்துக்குப் பின்னால்,
முக்கால்வாசியை மறைத்துக்கொண்டு
ஒரு மீன்பிடி நாட்காட்டி.
தூக்கிப் பார்த்தாள்.

பாஸ்டன்.

மனிதர் ஒருநாளும் மூச்சுவிட்டதில்லை.

எழுபத்தொரு வயதில், அந்த முழங்காலோடு,
சனிக்கிழமையும் ஏன் வருகிறாரென்று
இப்போது புரிந்த மாதிரி இருந்தது.
வேறு காரணமும் இருக்கலாம்.
வீட்டில் யாருமில்லை அவருக்கு.

நாட்காட்டியைப் பழையபடி தொங்கவிட்டாள்,
கொஞ்சம் கோணலாக.